கயிற்றை இழுப்பவர்கள் மேலே பார்ப்பார்கள்

எங்கள் அலோன் தெருவில் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். தட்டவும் முடியாது. தெருவை ஒட்டிய இரும்புக் கேட்டு எந்நேரமும் பூட்டியே கிடக்கும். உள்ளே இருட்டுப் படிக்கட்டு, லிஃப்ட் கிடையாது. அதனால் ஒவ்வொரு வீட்டுப் பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தெருவரைக்கும் தொங்கும். மேல் நுனியில் சின்ன மணி, அடி நுனியில் ஒரு கிளிப்பு. வருகிறவர் கீழே நின்று கயிற்றை இழுப்பார், மேலே மணி அடிக்கும், நாம் எட்டிப் பார்ப்போம். தெரிந்த ஆளாக இருந்தால் சாவியை ஒரு சுருக்குப் பையில் போட்டு எறிவோம். கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகை என்றால் கிளிப்பில் மாட்டிவிட்டுப் போவார்கள், நாம் இழுத்துக்கொள்வோம். ரங்கூன் பூராவும் இப்படித்தான். இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை என்றுதான் அறுபத்திரண்டு வயது வரைக்கும் நினைத்திருந்தேன்.

பிறகு எனக்கு அந்த மணி கேட்காமல் போயிற்று.

வேடிக்கை என்னவென்றால் நான் காதால் பிழைத்தவள். ஊர் நடுவே கியாக்டடாவில் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் முப்பது வருஷம் டெலிபோன் போர்டில் உட்கார்ந்தவள். 'ஹலோ' என்று ஒரு சொல் போதும், யார், எந்த ஊர், இன்றைக்குக் கோபமா சிரிப்பா, எல்லாம் சொல்லிவிடுவேன். மேனேஜருக்கு யாருடைய போனைக் கொடுக்க வேண்டும், யாரிடம் 'ஐயா வெளியே போயிருக்கிறார்' என்று சொல்ல வேண்டும் என்பதெல்லாம் என் கையில்தான் இருந்தது. தற்பெருமை என்று நினைத்தாலும் சரி, அந்த அலுவலகத்தில் என்னைப் போல லைன் சேர்க்க ஆள் கிடையாது.

அந்தக் காதுதான் மெல்லக் கைவிட்டது. பஸ்ஸின் ஹாரன் கேட்கும், மேல்வீட்டுக்காரர் கட்டில் நகர்த்துவது கேட்கும், மழை நன்றாகக் கேட்கும். கீச்சுக் குரலும் சின்ன மணியும் மட்டும் கேட்காது. டாக்டர் ஒரு மெஷினைக் கொடுத்தார். அதை மாட்டினால் வெங்காயத்தோல் சரசரப்பது இடி மாதிரி விழும், எதிரே பேசுகிற ஆளின் குரல் மட்டும் வராது. கழற்றி டப்பாவில் போட்டேன். பக்கத்தில் நின்று பேசினாலோ, போனை முழுச் சத்தத்தில் காதோடு அழுத்தினாலோ புரிந்துகொள்வேன்.

என் மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். ஒரே பிள்ளை. பிறக்கும்போதே உச்சந்தலையில் ரெட்டைச் சுழி. ரெட்டைச் சுழி உள்ளது சொன்ன பேச்சு கேட்காது என்பார்கள், இவள் விஷயத்தில் அது அட்சரம் பிசகவில்லை. போன தடவை வந்தபோது இடுப்புவரை இருந்த கூந்தலை ஆம்பிளைக் கிராப்பாக வெட்டிக்கொண்டு, இரண்டு சுழியையும் ஊருக்கே காட்டிக்கொண்டு வந்து நின்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவள் சிரித்தாள்.

போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், அடுப்படியில் தெருப்பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பின்பக்கத் தகரத்தில் மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. போன் முன்னறையில் சார்ஜில் கிடந்தது. திடீரென்று தரை அதிர்ந்த மாதிரி இருக்க, திரும்பினால், கீழே எலெக்ட்ரிக் சாமான் கடை வைத்திருக்கிற பாய் கையில் கடப்பாரையோடு என் அடுப்படி வாசலில் நிற்கிறார்! பின்னால் மேல்வீட்டுக்காரர், எதிர்வீட்டுக்காரர்.

"அக்கா! உயிரோட இருக்கீங்களா?"

"அந்தக் கடப்பாரையக் கீழ வெச்சீங்கன்னா இருப்பேன் பாய்."

பாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பாவம், முகத்தில் ரத்தமே இல்லை. நடந்தது இதுதான். மகள் பதினொரு தடவை போன் போட்டிருக்கிறாள். நான் எடுக்கவில்லை என்றதும் பாய்க்குப் போட்டிருக்கிறாள். அவர் கயிற்றை இழு இழு என்று இழுத்து, தெருவிலிருந்து கத்தி, மேல்வீட்டுக்காரரைக் கேட்டைத் திறக்கச் சொல்லி மேலே வந்து கதவை இடித்து, கடைசியில் பூட்டையே உடைத்துவிட்டார். என் கதவு நல்ல தேக்கு. அதன் விளிம்பு சிராய் சிராயாகத் தொங்கியதைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் செத்துப்போனேன் என்று மூன்று ஆம்பிளைகள் நம்பியது அதற்கப்புறம்தான் உறைத்தது.

அன்று சாயங்காலம் மகள் போனில் ஏசினாள். போனை இடுப்பிலேயே வைத்துக்கொள்ளக் கூடாதா என்றாள். போனைச் சொருகிக்கொண்டு திரிய நான் என்ன பஸ் கண்டக்டரா என்றேன். அவள் சிரிக்கவில்லை. வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடு என்றாள்.

"நான் இங்க இருந்துக்கிட்டு, நீ இருக்கியா இல்லியான்னு தெரியாம, பாய் கதவ ஒடைக்கிற சத்தத்தப் போன்ல கேட்டுக்கிட்டு நின்னேன்மா. இன்னொரு தடவ என்னால முடியாது."

என் வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம் ஆகிறது. இந்த இரண்டாவது மாடி வீடு என் சம்பளத்தில் வாங்கியது. அவள் வீடோ பதினாலாவது மாடி. மகளும் மருமகனும் காலையில் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவார்கள். அங்கே எனக்காக யார் வந்து கயிற்றை இழுக்கப்போகிறார்கள்? நினைக்கவே பயமாக இருந்தது. பயந்ததை வெளியில் காட்டுவேனா? "என் வாசலுக்கு யார் வந்தாலும் எனக்குத் தெரியற மாதிரி நான் பண்ணிக்கிறேன், நீ உன் வேலையப் பாரு" என்றேன்.

"தீபாவளி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள சரியாவலன்னா நானே வந்து கூட்டிட்டுப் போயிடுவேன். அப்பறம் பேச்சே கெடையாது" என்றாள்.

ரெட்டைச் சுழிக்காரி சொன்னால் சொன்னதுதான்.

பத்து நாளில், ஊருக்கு வந்த யாரோ ஒருவர் கையில் ஒரு பெட்டி அனுப்பினாள். உள்ளே பேட்டரியில் ஓடுகிற, கேமரா வைத்த வாசல் மணி ஒன்று, புத்தக அட்டை அளவில் திரை இரண்டு. வாசலில் பொத்தானை அமுக்கினால் திரையில் ஆள் முகம் வருமாம். மருமகன் அங்கேயே எல்லாவற்றையும் சேர்த்து வைத்துவிட்டாராம், நான் பிளக்கில் சொருகினால் போதுமாம். பாய் மேலே வந்து, தான் உடைத்த கதவுக்குப் பக்கத்திலேயே மணியைச் சுவரில் பொருத்தினார். அது பரிகாரம் மாதிரி, கூலி வாங்கவில்லை. ஒரு திரையை அடுப்படி அலமாரியிலும் இன்னொன்றை முன்னறையிலும் வைத்தேன்.

பாய் பொத்தானை அமுக்கினார். அடுப்படித் திரையில் பூப்படம் இருந்தது. பூப்படமாகவே இருந்தது.

போன் வந்தது. மகள். "அம்மா, பாய் ஏன் மூக்க நோண்டுறாரு?"

அட கஷ்டமே! என் வாசலில் அமுக்கினால் அவள் வீட்டுச் சமையலறைத் திரையில் படம் ஓடுகிறது! அடுத்த நாளும் அப்படியே. மேல்வீட்டுக்காரர் படிக்கட்டு விளக்கு விஷயமாக வந்து அமுக்கியதைச் சிங்கப்பூரில் மருமகன் பார்த்து எனக்கு மெசேஜ் போட்டார். மெசேஜை நான் சாப்பிட்டுவிட்டுப் பார்ப்பதற்குள் மனிதர் போய்விட்டார். மகள் ஒரு யோசனை சொன்னாள். திரையைப் பார்த்து 'வாசலைக் காட்டு' என்று இங்கிலீஷில் சொன்னால் போதும், காட்டிவிடும்.

"ஏண்டி, ஆள் வந்திருக்குன்னு தெரிஞ்சாத்தான நான் காட்டச் சொல்லுவேன்? மணி கேக்காதவ எப்ப பாத்துக் காட்டச் சொல்றது? நாள் பூரா சொல்லிக்கிட்டே இருக்கவா?"

படம் தானாக வர வேண்டும். நான் கேட்காமல், தொடாமல், எங்கே நின்றாலும் கண்ணில் படுகிற மாதிரி தானாக வர வேண்டும். இல்லையென்றால் அது வெறும் பூப்படம்தான்.

எனக்குக் கோளாறு புரிந்துபோயிற்று. முப்பது வருஷம் போர்டில் உட்கார்ந்தவளுக்குப் புரியாதா? மணி ஒரு போர்டில் இருக்கிறது, திரை வேறு போர்டில் இருக்கிறது. மருமகன் மணியைத் தன் வீட்டுக் கணக்கில் பதிந்து அனுப்பிவிட்டார். சொருகியதும் திரைகள் என் வைஃபையைக் கேட்டதால், அவற்றை நான் என் போனில் பதிந்துவிட்டேன். கூப்பிடுகிறவரும் எடுக்கிறவரும் ஒரே போர்டுக்கு வராமல் லைன் எப்படிச் சேரும்?

மருமகனிடம் அவர் கணக்கிலிருந்து மணியை நீக்கச் சொன்னேன். மகள், "அப்ப நான் எப்படிம்மா பாக்கறது?" என்றாள். "என் வாசலுக்கு வர்றவங்கள நான் பாத்தாப் போதும்" என்றேன். மணியின் முதுகில் இருந்த பொடி ஓட்டையில் ஊசியைக் குத்தி, பழைய நினைப்பையெல்லாம் மறக்க வைத்தேன். என் பெயரிலேயே ஒரு வீடு என்று போனில் உண்டாக்கி, மணி, இரண்டு திரை, மூன்றையும் அதற்குள் கொண்டுவந்தேன். எழுதும்போது மூன்று வரியில் முடிந்துவிட்டது. செய்யும்போது இரண்டு நாள் ஆயிற்று. கரண்ட் நாலு மணி நேரம் வரும், பிறகு போய்விடும். பாதியில் போனால் மறுபடி முதலிலிருந்து. தெரு முழுக்க "மீ லாபி!" என்று கத்துவார்கள். கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம், அதற்கு வேறு மணி தேவையில்லை. உடனே நான் போனைத் தூக்கிக்கொண்டு உட்காருவேன்.

எல்லாம் சேர்த்துப் பாயை அமுக்கச் சொன்னேன். திரையில் ஒன்றும் வரவில்லை. "அக்கா, உள்ள மணி அடிக்குது, யாரோ வந்திருக்காங்கன்னு ஒரு பொம்பள சொல்லுது" என்றார் பாய். அதைத்தான் நான் கேட்க முடியாதே! மறுபடி செட்டிங்கில் நுழைந்து தேடினேன். ஆள் வந்தால் சொல்வதற்கு ஒரு சுவிட்ச் இருந்தது. ஆள் வந்தால் படத்தைத் தானாகத் திரையில் காட்டுவதற்கு அதற்குக் கீழே இன்னொரு சுவிட்ச், அணைந்து கிடந்தது. தட்டினேன்.

அமுக்கினார். பூப்படம் போய், பாய் முகம் பளிச்சென்று வந்து நின்றது. இரண்டு திரையிலும். எனக்கு வந்த சந்தோஷத்தில் பாய்க்கு இரண்டு தடவை தேநீர் போட்டுக் கொடுத்தேன். மகளுக்குப் போன் போட்டு, "உங்க அம்மாவ என்னன்னு நெனச்ச?" என்று ஒரு பாட்டம் அளந்தேன்.

ஒரு வாரம் ராணி மாதிரி இருந்தேன். யாரும் வரவில்லை. மழைக்கு வெளியில் தலைகாட்ட மாட்டேன் என்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். எட்டாம் நாள் தேநீர்க் கடை முனையில் மீன்காரியைப் பார்த்தேன். அவள் விடியற்காலையில் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள டாலாவிலிருந்து படகேறி வருகிறவள். எனக்கு மீன் கொடுக்க ஆரம்பித்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். காது போனதிலிருந்து அவள் வருகிற நேரத்துக்குப் பால்கனியில் போய் நிற்பேன், திரை வந்த பிறகு அதை விட்டுவிட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பர்மியத்தில் கேட்டாள்:

"அன்ட்டி, எம்மேல என்ன கோவம்? மூணு நாளா கயித்த இழுக்கிறேன், எட்டிக்கூடப் பாக்கல. வேற ஆள்கிட்ட வாங்குறீங்களா?"

நேரே பாய் கடைக்குப் போனேன்.

"பாய், மணிய எங்க மாட்டுனோம்?"

"உங்க கதவுலதான் அக்கா."

"என் கதவுக்கு வரணும்னா மொதல்ல என்ன செய்யணும்?"

பாய் தெருவுக்கு வந்து, என் பால்கனியிலிருந்து தொங்கிய கயிற்றை அண்ணாந்து பார்த்தார். கேட்டு பூட்டியிருக்கிறது. சாவி என்னிடம் இருக்கிறது. கயிற்றை இழுத்து, நான் எட்டிப் பார்த்து, சாவியை எறிந்தால்தான் அந்த அருமையான மணியை ஒருத்தர் அமுக்கவே முடியும். உள்ளேயே குடியிருக்கிற மேல்வீட்டுக்காரரைத் தவிர.

"ரெண்டு பேரும் இந்தத் தெருவுலயே பொறந்தவங்க அக்கா. நமக்கு எப்பிடி இது தோணாமப் போச்சு?"

"இந்தத் தெருவுலயே பொறந்ததாலதான் பாய்." கயிறு எங்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி. அப்படி ஒன்று இருப்பதே எங்கள் நினைப்பில் இல்லை. வேறு ஊர்க்காரன் ஒருவன் இருந்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பான்.

மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே டிக்கெட் எடுத்துவிடுவாள். தீபாவளிக்கு ஐந்து வாரம் இருந்தது.

மறுநாள் பாய் மணியைக் கழற்றித் தெருக் கேட்டில் கட்டி, தன் கடை வைஃபையில் சேர்த்து, கடையிலிருந்தே காவல் இருந்தார். ராத்திரி விட்டுவைத்தால் காலையில் இருக்காது, அதனால் பகலில் மட்டும் ஒரு சோதனை. 'இங்கே அமுக்கவும்' என்று பர்மியத்திலும் தமிழிலும் நான் அட்டை எழுதித் தொங்கவிட்டேன். தண்ணீர் பாட்டில் போடுகிறவர் வந்தாராம். அட்டையைச் சத்தம் போட்டுப் படித்தாராம். மணியின் கண்ணாடியில் முகத்தைப் பார்த்து, சீப்பை எடுத்துத் தலையைச் சீவிக்கொண்டாராம். பிறகு கயிற்றை இழுத்தாராம்.

பாய் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாய் போன பிறகு பால்கனியில் நாற்காலி போட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எதிர்வரிசையில் யாரோ ஒருவர் வந்து ஒரு கயிற்றை இழுத்தார். இழுத்துவிட்டு அண்ணாந்து மேலே பார்த்தபடி நின்றார். கொஞ்சம் கழித்து ஒரு பெண் வந்தாள். அவளும் இழுத்தாள், அண்ணாந்தாள். தபால்காரர், கேரியர் சாப்பாடு கொண்டு வருகிறவள், எல்லோரும் அப்படியே. கயிற்றை இழுத்த கையோடு மேலே பார்க்காத ஆள் ரங்கூனில் கிடையாது.

நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஊரைப் பொத்தானுக்குக் கூட்டிவர முடியாது. பொத்தானைத்தான் கயிற்றுக்குக் கூட்டிப்போக வேண்டும்! எல்லா முகமும் இந்தப் பால்கனியைத்தானே பார்க்கப்போகிறது? கேமராவும் இங்கே இருந்து கீழே பார்த்தால் என்ன?

மறுநாள் காலையில் பாயைப் பிடித்து இழுத்து வந்தேன். பால்கனிக் கம்பிக்கு வெளியே ஒரு இரும்புத் தாங்கியில் மணியைக் குப்புறக் கவிழ்த்து, தெருவைப் பார்க்க மாட்டினோம். அதற்குக் கீழே என் நீளமான மரக்கரண்டியை, நடுவில் ஆணியடித்து, பிள்ளைகள் ஏறி விளையாடுகிற சீசா மாதிரி வைத்தோம். கரண்டியின் ஒரு நுனியில் கயிறு. கீழே இருந்து இழுத்தால் அந்த நுனி இறங்கும், மறு நுனி ஏறி மணியின் பொத்தானை அமுக்கும். பொத்தான் கீறாமல் இருக்க நுனியில் ஒரு அழிரப்பர் ஒட்டினேன். வைஃபைப் பெட்டியையும் இரண்டு திரையையும் பாய் தன் கடைப் பேட்டரியில் சேர்த்துக் கொடுத்தார். கரண்ட் போனாலும் எட்டு மணி நேரம் தாங்கும்.

முதல் நாள் கூத்து. கயிற்றின் கனமே பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டது. பாய் ஒரு ஸ்பிரிங் மாட்டினார். அது மெலிசு. காற்றடித்தால் திரை எரியும், போய்ப் பார்த்தால் வெறுந்தெரு. காக்கை கரண்டியில் உட்கார்ந்தால் திரை எரியும். ஒரே மத்தியானத்தில் இருபது தடவை வெறுந்தெருவைப் பார்த்தேன். "புள்ளையார் புடிக்கக் கொரங்கா முடிஞ்சிரும் போலிருக்கே அக்கா" என்றார் பாய். "கொரங்குக்கும் ஒரு ஸ்பிரிங் போடுங்க" என்றேன். கெட்டியான ஸ்பிரிங் மாட்டினார். அதற்கப்புறம் ஆள் இழுத்தால் மட்டும்தான் எரிந்தது.

முதலில் வந்தவள் மீன்காரி. நான் அடுப்படியில் பருப்பு கடைந்துகொண்டிருந்தேன். பூப்படம் மாறியது. தெரு தெரிந்தது. நடுவில் கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசிய முகம் நிமிர்ந்து, நேரே என் கண்ணுக்குள் பார்த்தது. சேல்விழி முகம் என்பார்களே, அதெல்லாம் ஒன்றுமில்லை, வெயிலில் கறுத்த முகம்தான். எனக்கு அவ்வளவு அழகாக இருந்தது. பால்கனிக்கு ஓடி, அவள் இன்னொரு தடவை இழுப்பதற்குள் எட்டிப் பார்த்துச் சிரித்தேன். "அன்ட்டிக்குக் காது வந்திருச்சு!" என்று அவள் கையை ஆட்டிச் சொன்னது எனக்கு உதட்டிலேயே புரிந்தது. அன்றிலிருந்து இழுத்ததும் கூடையை மேலே சாய்த்துக் காட்டுகிறாள். மீனை நான் அடுப்படியில் இருந்தபடியே பார்த்துக்கொள்கிறேன்.

மூன்று வாரத்தில் ஒருத்தர்கூடப் பதில் இல்லாமல் திரும்பவில்லை. குரலை வைத்து ஆள் சொன்னவள், அண்ணாந்த முகத்தை வைத்து ஆள் சொன்னேன். தண்ணீர்க்காரர் இழுத்துவிட்டு வாயைத் திறந்தபடி பார்ப்பார். தபால்காரர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். மகளிடம் எல்லாவற்றையும், கதவில் மாட்டிய முட்டாள்தனம் உட்பட, சொன்னேன். மரக்கரண்டி என்றதும் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"சும்மா என்னைச் சமாதானப்படுத்துறதுக்காகச் சொல்றியாம்மா?"

"நான் என்னிக்குடி உன்னச் சமாதானப்படுத்தியிருக்கேன்?"

"கரண்டியில கட்டியிருக்கேன்னு சொன்னா நான் எப்படி நம்பறது?" என்று வைத்துவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு என் மேல் நம்பிக்கையே இல்லை என்று அன்றிரவு சோறு இறங்கவில்லை.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், பகல் பதினொரு மணி. கரண்ட் இல்லை. முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தேன். எண்ணெய் காய்ந்து முதல் ஈடு போட்ட நேரம், அடுப்படித் திரை எரிந்தது. பார்த்தேன்.

முகம் இல்லை.

ஒரு தலை மட்டும் தெரிந்தது. குனிந்த தலை. இரண்டு கையும் கயிற்றைப் பிடித்து, பிடித்த கைகளில் நெற்றியை முட்டுக்கொடுத்து, யாரோ ஒருத்தி அசையாமல் நின்றாள். பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. கயிற்றை இழுத்துவிட்டுக் குனிந்து நிற்கிறவளை நான் பார்த்ததே இல்லை. வெட்டிய முடி. உச்சந்தலை நடுவில் ஒரு சுழி. அதற்குப் பக்கத்தில் இன்னொரு சுழி.

அடுப்பை அணைத்தேனா என்று எனக்கே நினைவில்லை. சாவிப் பையைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு ஓடினேன். எட்டிப் பார்த்தேன். அப்போதும் அவள் நிமிரவில்லை. பெயரைச் சொல்லிக் கத்தினேன். எனக்குக் கேட்காத காரணத்தால் என் கத்தல் எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியாது. தெருவே திரும்பியது, பாய் கடையை விட்டு வெளியே வந்துவிட்டார். அவள் நிமிர்ந்தாள். முகம் பூராவும் அழுகை. நான் எறிந்த சாவியைப் பிடிக்கத் தெரியாமல் தவறவிட்டு, பொறுக்கிக்கொண்டு, படியேறி வந்தாள்.

வந்தவள் பெட்டியை வாசலிலேயே போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். பிறகு காதருகில் வந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"திரும்பிப் போக டிக்கெட்டு ரெண்டு எடுத்துட்டேன்மா. உனக்கும் சேத்து. சொல்லாம வந்து இழுத்துப் பாப்போம், நீ வரலன்னா கையோட கூட்டிட்டுப் போயிடலாம்னு."

"அதுக்கு ஏண்டி தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்ன? மேல பாத்தா என்ன?"

"பயமா இருந்துச்சு. ஒரு தடவதான் இழுத்தேன். ரெண்டாவது தடவ இழுக்கிற மாதிரி ஆயிடக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டே நின்னேன்."

இத்தனை நாளும் நான் தோற்க வேண்டும் என்று அவள் காத்திருக்கிறாள் என்றே நினைத்திருந்தேன். அவள் தலையைப் பிடித்துக் குனியவைத்து, அந்த இரண்டு சுழியிலும் முத்தம் கொடுத்தேன். முதல் ஈடு முறுக்கு முழுக்கக் கரிந்துபோயிருந்தது. மேலாகச் சுரண்டிவிட்டு இரண்டு பேரும் தின்றோம்.

ஒரு வாரம் இருந்தாள். கரண்டியை ஆட்டி ஆட்டிப் பார்த்தாள். தண்ணீர்க்காரர் வந்தபோது என்னை முந்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள். கிளம்புகிற நாள் காலையில் இரண்டாவது டிக்கெட்டை ரத்து பண்ணினாள். நான் அவள் தட்டில் இட்லி இன்னும் இரண்டு வைத்தேன்.

பால்கனியில் நின்று வழியனுப்ப எனக்கு ஆகாது. அழுதுவிடுவேன், தெருவே பார்க்கும். வாசலிலேயே போய்வா என்று சொல்லிவிட்டு அடுப்படிக்கு வந்து பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் திரை எரிந்தது. டாக்சி கதவு திறந்து கிடந்தது. பாய் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார். அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்தத் தடவை மேலே பார்த்தாள்.